பதினேழாவது வரி

எங்கள் வரலாற்றை நாங்கள் கிலோமீட்டரில் அளக்கிறோம்.
டார்ட்டு நகரத்துக் கீழ்த்தளத்தில், ஈரம் புகாத அறைகளில்,
ஒன்பது கிலோமீட்டரும் சொச்சமும்.
சம்பளத்துக்கு நான் அதில் தினம்
இருபது சென்டிமீட்டர் நடக்கிறேன்.

மே தின ஊர்வலப் படங்களுக்குத் தனிப் பெட்டி.
கொடிகள், டிராக்டர்கள்,
பாட்டின் நடுவே வாய் திறந்தபடி நின்றுபோன பிள்ளைகள்.
எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள்.
ஒரு நாய் மட்டும் படம் எடுப்பவனைப் பார்க்கிறது.
அந்த நாய்க்காகத்தான் இந்த வேலையில் தங்கிவிட்டேன்
என்றால் மேலாளர் சிரிப்பார்.

இன்று கைக்கு வந்தது ஒரு பட்டியல்.
நாற்பத்தொன்பது, மார்ச் இருபத்தாறு.
தலைப்பு ருஷ்ய அச்சில்,
உள்ளே எஸ்தோனியக் கையெழுத்து, ஊதா மை.
லெப்பிக்குகளின் பண்ணை. ஆட்கள் நால்வர். ரயிலேற்றப்பட்டனர்.
அவர்களைப் பற்றி அவ்வளவுதான்.
மீதி இரண்டு பக்கமும்
அவர்கள் விட்டுப்போனவை.

பசு இரண்டு, ஒன்று சினை.
ஆடு ஐந்து.
உருளைக்கிழங்கு, நிலவறையில், எடை போடவில்லை.
பனிச்சறுக்குக் கட்டை, சிறுவர் அளவு, ஒரு ஜோடி.
ரை மாவு, தொட்டியில் பிசைந்தது,
பொங்கி வழிகிறது.
பதினேழாவதாக, சுவர்க்கடிகாரம் ஒன்று.
ஓடுகிறது.

எழுதியவன் கிராமசபை எழுத்தன், வோல்டெமார் ரெபானே.
ஓடுகிறது என்று எழுதும்படி
யாரும் அவனுக்கு உத்தரவிட்டிருக்க முடியாது.
படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.
ஓரத்தில் நெருக்கி, எழுத்தைச் சாய்த்து, எழுதியிருக்கிறான்.
சாவி கொடுத்த கை அப்போது
எந்த ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருந்தது?

பிறகு யாரோ அந்த வரியை அடித்திருக்கிறார்கள்.
அந்த ஒரு வரியை மட்டும்.
கறுப்பு மை. கையொப்பம் கிடையாது.

உறைக்குள் ஒரு கல்யாணப் படமும் இருந்தது.
பெண் எல்வீனே கண்ணை மூடிவிட்டாள்.
மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டை யாரிடமோ இரவல் வாங்கியது,
ஒரு விரல் பெரிது.
பின்சுவரில் கடிகாரம், மணி இரண்டு பத்து.
அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்க
ஊசல் மட்டும் கலங்கிப் புகையாகியிருக்கிறது.
ஓடியது என்பதற்கு
இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதினொன்றரைக்கு ஒருத்தி வந்தாள்,
நகரப் பேருந்து ஓட்டுநரின் சீருடை.
நாற்பது நிமிடம்தான் இடைவேளை என்றாள்.
இந்தக் கோப்பைக் கேட்டிருந்தவள் அவள்தான், மூன்று வாரம் முன்பே.
லெப்பிக் வீட்டாள் என்று நினைத்து
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
"கிர்லி ரெபானே" என்றாள்.

வரிவரியாக விரல் இறங்கியது,
மாவுத் தொட்டியில் கொஞ்சம் நின்றது,
அடுத்த வரியில் நின்றேவிட்டது.
"இந்தக் கோடும் அவர் மைதானா?"
"மை வேறு. யார் கை என்று காகிதம் சொல்லாது."
தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்கு
உதவியா உபத்திரவமா, தெரியவில்லை.

படத்தைத் திரையில் பெரிதாக்கச் சொன்னாள்.
மணமக்களைத் தாண்டி, பூங்கொத்தைத் தாண்டி,
கடிகாரத்தின் நெற்றியில் செதுக்கிய மரப்பறவை வரைக்கும்.
புள்ளிகளாகச் சிதறியது பறவை.
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல்,
"இதில் இறக்கை உடையாமல் இருக்கிறது" என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்பது என் வேலையில் சேர்த்தி இல்லை.

நகல் ஒன்று, விலை இரண்டு யூரோ.
பயன்பாட்டின் நோக்கம்: ஆய்வு, குடும்பம், சொத்துரிமை.
ஒன்றில் குறியிட வேண்டும்.
பேனாவை மூன்றின் மேலும் கொண்டுபோனாள்.
கடைசியில் எதையும் தொடாமல்
ஓரத்தில் நெருக்கி ஏதோ எழுதினாள்,
அடித்தாள், மடித்தாள்,
பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அந்தப் படிவத்தையும் கோப்பில் வைத்தேன். விதி அது.
ஒன்பது கிலோமீட்டர், சொச்சத்தில் ஒரு தாள் கூடுதல்.
லெப்பிக்குகளைக் கேட்டு
இதுவரை யாரும் வந்ததில்லை.